உள்ளிருந்து எடுத்த ஜெராக்ஸ்

அண்ணனுக்கு வலது கைக் கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம். அதுவும் நடுங்கும்.

ஐப்பசி மழையில் மாடிக்குத் தார்ப்பாய் கட்டப் போனார். வழுக்கி விழுந்தார். கழுத்தில் அடி. அதற்குக் கீழே உணர்ச்சி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூச்சு குறைந்ததால் குரலும் குறைந்துபோனது. பேசுவார். அறை வாசலைத் தாண்டிக் கேட்காது. டவுன் பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஒரு பஸ் ஜனத்தைக் குரலாலேயே பின்னுக்குத் தள்ளியவர்.

சீவலப்பேரியில் தெருவின் கடைசி வீடு அவருடையது. பின்னால் வாய்க்கால். அதைத் தாண்டி வயல், முக்கால் ஏக்கர். மதினிதான் பார்க்கிறார். மகளை நாங்குநேரியில் கட்டிக்கொடுத்தாயிற்று. பகலில் மதினி வயலில் இறங்கினால் வீட்டில் அண்ணன் மட்டும்தான்.

முதலில் ஒரு காலிங் பெல் மாட்டினேன். கட்டைவிரல் நடுங்க நடுங்க அது சும்மா அடித்துக்கொண்டே இருந்தது. மதினி ஒரே நாளில் இருபது தடவை சேற்றுக்காலோடு ஓடி வந்தார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்ட்டி. வெரலு ஆடுது. நீ ஏன் ஓடி வாரே?"

"பெல்லு அடிச்சா ஓடி வராம, பாட்டா பாடுவாங்க?"

நடுக்கம் எது, நிஜமாக அமுக்கியது எது என்று பிரிக்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் அமுக்கினார் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் கம்ப்யூட்டர் வந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். மோட்டாருக்குக் காயில் கட்டினேன். டிவி ரிப்பேர் பார்த்தேன். இப்போது டவுனில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். நிரல் எழுதுவது பார்த்துப் பழகியது. இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. அடையாளம் தெரியும். தெருவில் போகிற ஆளை முகம் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி. தெரியாத முகம் வந்தால் விலகிப் போய்விடுவேன். இது பின்னால் வரும்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பழைய போர்டு, லினக்ஸ் ஓடுவது. கடையில் கழித்துப் போட்டது. அதோடு ஒரு மவுஸ். மவுஸை அண்ணன் கைக்கடியில் கட்டினேன். மாடி விளிம்பில் வயலைப் பார்த்து ஒரு கூம்பு ஸ்பீக்கர். கோயில் கொடைக்குக் கட்டுவதில் சின்னது.

"என்ன சத்தம் வேணும்?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? விசில்தாம்லே."

கண்டக்டர் விசில். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் போலாம். மதினிக்கும் அதுதான் ஏற்பாடு. ஒரு விசில் என்றால் வேலையை நிறுத்திவிட்டு வர வேண்டும். இரண்டு என்றால் இங்கே ஒன்றுமில்லை, நீ உன் வேலையைப் பார்.

முதல் வாரமே ஒரு சண்டை. பஸ் ஸ்டாப் வீட்டுக்கு எதிரில். டவுன் பஸ் நின்று ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணன் மதினிக்கு இரண்டு விசில் கொடுத்தார். பஸ் கிளம்பிவிட்டது. கீரைக்கட்டு வைத்திருந்த ஒரு பொம்பளை படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாகக் கத்தினார். கண்டக்டர் இறங்கி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"எம் பஸ்ஸ நீரு எடுத்து விடுதீரா, அண்ணாச்சி?"

"ஏறுனவங்களப் பாக்காம டிரைவரு எடுத்தாம்னா அதுக்கு நானா வே பொறுப்பு?"

"படுத்துக் கெடக்கும்போதும் உமக்கு டூட்டி கேக்கு, என்ன?"

அண்ணன் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் மூச்சு வாங்கும். வாங்கினாலும் சிரித்தார். அதற்குப் பிறகு பஸ் வருகிற சத்தம் கேட்டால் விரலை எடுத்துவிடுவார்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. வயலும் நடந்தது.

இனி அந்த நிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் கெர்னல் என்று ஒன்று உண்டு. மவுஸ், கடிகாரம், மெமரி எல்லாவற்றையும் தொடுவது அதுதான். நாம் எழுதும் நிரல் வெளியே நிற்கும். மவுஸை ஒரு தடவை அமுக்கினால் கெர்னல் ஒரு சீட்டுக் கிழித்து வெளியே நீட்டும். எந்த நேரம், எந்தப் பொத்தான், அமுக்கியதா விட்டதா. அந்தச் சீட்டில் எது எத்தனை இடம் பிடிக்கும் என்று எழுதிய தாளுக்கு ஹெட்டர் ஃபைல் என்று பெயர். நிரலுக்கு அந்தத் தாளைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதற்குச் சீட்டைப் படிக்கத் தெரியாது.

அந்தத் தாளில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று கெர்னல் தனக்காக உள்ளே வைத்திருப்பது. இன்னொன்று வெளியே நிற்கிறவர்களுக்காக, வேண்டாததை நீக்கி, சிஸ்டத்தோடு சேர்த்துத் தருவது. பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நான் உள்ளே இருப்பதை எடுத்தேன்.

எங்கள் பக்கம் அப்படித்தான். தாலுகா ஆபீசில் போர்டில் ஒட்டியிருப்பதை யாரும் நம்ப மாட்டோம். தெரிந்த ஆளைப் பிடித்து, உள் மேசையில் இருக்கிற தாளை வாங்கி, எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டால்தான் நிம்மதி. உள்ளே இருந்து வந்தது என்றால் அசல். வெளியே தொங்குவது ஊருக்காக. எனக்கும் அந்தப் புத்தி. கெர்னலின் மூல நிரலையே முழுதாக இறக்கி, அதற்குள் தேடி, அந்தத் தாளை எடுத்தேன். நிரலோடு சேர்த்தபோது இருநூறு பிழை வந்தது. உள்வீட்டுச் சமாசாரம் எல்லாம் அதில் இருந்தது. எனக்கு வேண்டாததை ஒவ்வொரு வரியாக வெட்டினேன். பிழை நின்றது. மிஞ்சிய பத்து வரியை என் ஃபோல்டரிலேயே போட்டுக்கொண்டேன். ஃபைலுக்கு ஜெராக்ஸ் என்றே பெயர் வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

போன கார்த்திகையில் போர்டின் மெமரி கார்டு செத்தது. புதுக் கார்டு வாங்கி, புது லினக்ஸ் ஏற்றி, நிரலைப் புதிதாகச் சேர்த்தேன். ஒரு பிழையும் வரவில்லை. காலை பஸ்ஸில் கொண்டுபோய் மாட்டினேன்.

நிரல் ஓடத் தொடங்கினால் தானாக இரண்டு விசில் அடிக்கும். அப்படி எழுதியிருந்தேன். அடித்தது. மதினி வரப்பு வெட்டப் போகத் தயாராக மண்வெட்டியோடு நின்றார்.

"ஊதுது. நான் எறங்கவா, தம்பி?"

"போங்க மதினி."

அண்ணன் அப்போதுதான் டீ குடித்திருந்தார். தாடையில் ஒழுகியிருந்தது. துடைத்தேன். "ஒரு தடவ அமுக்கிப் பாரு, அண்ணே" என்று சொல்ல வாய் எடுத்தேன். வெளியே ஹாரன் கேட்டது.

"பஸ் வந்துட்டு. போலே, அடுத்தது ஒம்பதே முக்காலுக்குத்தான். கடைக்கு லேட்டாவ."

போய்விட்டேன்.

மத்தியானம் மதினி போன் பண்ணினார். அவர் போனில் நீட்டிப் பேச மாட்டார். நானும் மாட்டேன்.

"ஒங்க மிசினு ஊதல, தம்பி. எறும்பு ஏறிட்டு."

நான் வந்து பார்த்தபோது கட்டிலின் காலைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தது. அண்ணன் உடம்பு முழுக்கத் தடிப்பு. டீ சிந்தியது பக்கவாட்டில் இறங்கிக் கட்டில் கயிற்றில் ஊறியிருக்கிறது. அதைத் தேடி வந்தவை. சிவப்பு எறும்பு. காலில் ஏறியது அவருக்குத் தெரியாது. நெஞ்சுக்கு வந்தபோது பார்த்தார். கழுத்துக்கு வந்தபோதுதான் வலித்தது.

"எத்தன தடவ அமுக்குன?"

"எண்ணுனேன். எரநூத்திப் பதினொண்ணு. பொறவு எண்ணல." கொஞ்சம் மூச்சு விட்டார். "கண்ணுகிட்ட வந்துட்டு. இமைய மூடிக்கிட்டேன். அது ஒண்ணு எங்கிட்ட இருக்குல்லா."

மதினி அவர் காது மடலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்.

"சத்தம் இல்லன்னதும் தூங்குதாருன்னு நெனச்சேன். கஞ்சி குடுக்க வந்தேன். இல்லேன்னா வந்துருக்கவே மாட்டேன். இனி நான் வயலுக்குப் போகல. நடுவைக்கு நாலு நாளு கெடக்கு. வயல வாரத்துக்கு உழக் கேட்டிருந்தாவள்ல, அவங்ககிட்டச் சொல்லிருதேன்."

"ஏட்டி."

"நீங்க பேசாதீங்க."

அண்ணன் முகத்தை என் பக்கம் திருப்பினார். முகம் திரும்புவது அவருக்குப் பெரிய வேலை.

"வயலு அவளுக்கு இருக்கட்டும்லே. எம்மூஞ்சியவே பகல் முழுக்கப் பாத்துட்டு எத்தன நாளு இருப்பா? அவ பைத்தியமாயிருவா. நானுந்தான்."

அவ்வளவுதான் விஷயம். நாற்று நடுவதற்கு முன்னால், நாலு நாளுக்குள் மிசின் சரியாக வேண்டும். சரியானால் மட்டும் போதாது. மதினி அதை நம்ப வேண்டும்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கனயே உட்கார்ந்தேன். முதலில் மவுஸைச் சந்தேகப்பட்டேன். வேறு மவுஸ் போட்டேன். ஊதவில்லை. ஸ்பீக்கர் வயரைச் சோதித்தேன். நன்றாக இருந்தது. பிறகு நிரலுக்குள் ஒரு வரி சேர்த்தேன். வருகிற சீட்டு எத்தனை நீளம், நீ எதிர்பார்ப்பது எத்தனை நீளம், இரண்டையும் எழுதிக் காட்டு என்று.

வருவது பதினாறு. எதிர்பார்ப்பது இருபத்துநாலு.

அரை மணி நேரம் அந்த இரண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு இரண்டுமே பதினாறுதான். எனக்கு மனப்பாடம். என் ஜெராக்ஸில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அப்படியென்றால் எட்டு எங்கிருந்து கூடியது?

அப்போதுதான் சிஸ்டத்தோடு வந்த தாளை முதல் தடவையாகத் திறந்தேன். இத்தனை வருஷமும் அது அங்கேயே இருந்தது. எல்லோருக்குமாக வெளியே வைத்தது. அதில் நேரத்தை எழுதியிருந்த விதம் என்னுடையது போல இல்லை. தெரியாத முகங்கள். இந்தத் தடவை விலகிப் போகவில்லை. ஒவ்வொரு சொல்லாகப் போனில் போட்டுத் தமிழில் கேட்டேன். சாயங்காலம் ஆயிற்று.

விஷயம் இதுதான். பழைய கம்ப்யூட்டர்களில் நேரம் எழுதுகிற இடம் சின்னது. இன்னும் சில வருஷத்தில் நிரம்பிவிடும். அதனால் புது லினக்ஸில் நேரத்துக்கு இடத்தை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டார்கள். ஆனால் மவுஸ் சீட்டில் கெர்னல் பழைய அளவிலேயே நேரத்தை எழுதுகிறது. இல்லாவிட்டால் ஏற்கெனவே ஓடுகிற நிரல்கள் நின்றுபோகும். வெளியே வைத்த தாளில் இதைப் பார்த்துப் பக்குவமாக எழுதியிருந்தார்கள். என் ஜெராக்ஸில் 'நேரம்' என்று மட்டும்தான் இருந்தது. புது லினக்ஸில் நேரம் என்றால் பெரிய இடம். என் நிரல் இருபத்துநாலு நீளச் சீட்டுக்குக் கை நீட்டியது. கெர்னல் பதினாறுதான் கொடுத்தது.

அந்தத் தாளை நான் நேராக எடுத்திருந்தால், நிரலைச் சேர்க்கும்போதே பிழை வந்திருக்கும். நீ கேட்கிற பெயரில் இங்கே நேரம் இல்லை என்று கடையிலேயே கத்தியிருக்கும். சோதித்துப் பார்த்தேன். கத்தியது. என் ஜெராக்ஸ் கத்தாது. நான் வெட்டிய வெட்டில் கத்துகிற வாய் எல்லாம் போயிருந்தது.

அண்ணனிடம் சொன்னேன்.

"டிக்கெட்டு நீளம் மாறிட்டுன்னு சொல்லுத."

"டிக்கெட்டு மாறல. நான்தான் பெரிய டிக்கெட்டுன்னு நெனச்சு நின்னேன்."

"எதுக்கு நேரத்த நீட்டுனானாம்?"

"பழைய எடம் இன்னும் கொஞ்ச வருசத்துல நெறஞ்சிருமாம்."

"அதுக்குள்ள நான் எறங்கிருவேன்லே. எனக்கா நேரத்த நீட்டி வச்சிருக்கான்?" என்றார். சிரித்தார். தடிப்பு இழுத்து வலித்திருக்க வேண்டும். நிறுத்திக்கொண்டார்.

திருத்தம் சின்னது. ஜெராக்ஸ் ஃபைலின் பெயர் மேற்கோள் குறிக்குள் இருந்தது. மேற்கோள் குறி என்றால் என் ஃபோல்டரில் இருப்பதை எடு. கோண அடைப்பு என்றால் சிஸ்டத்தில் இருப்பதை எடு. அந்த ஒரு வரியை மாற்றினேன். நேரத்தின் பெயரை இரண்டு இடத்தில் மாற்றினேன். ஜெராக்ஸை அழித்தேன். அண்ணன் அமுக்கினார். ஒரு விசில். அடுப்படியில் இருந்த மதினி வாசலில் வந்து நின்றார்.

"ஊதுது" என்றேன்.

"அன்னைக்கும்தான் ஊதுச்சு" என்றார். போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. அன்றைக்கும் இரண்டு விசில் அடித்தது. உள்ளே ஒன்றும் கேட்காமலேயே எல்லாம் சரி என்று ஊதியது. அப்படி எழுதியவன் நான்.

அன்று ராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டேன். காலையில் எழுந்து நிரலை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது. சீட்டின் நீளம் சரியில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. இருநூற்றுப் பதினொன்றையும், எண்ணாததையும் அந்த வரிதான் தள்ளிவிட்டிருக்கிறது. சத்தமில்லாமல். அந்த வரியை எழுதியபோது யோசித்ததாக நினைவில்லை. புரியாததைத் தள்ளிவிட்டுப் போவது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எட்டாவது வரை வந்தேன். கடையில் திரையில் ஏதாவது எச்சரிக்கை வந்தால் மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போவேன். நிரலுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்த வரியை எடுத்தேன். புரியாத சீட்டு வந்தால் ஒரு விசில் அடி என்று மாற்றினேன். மவுஸ் கழன்றாலும் ஒரு விசில். யாராவது வந்து நிறுத்தும்வரை அடித்துக்கொண்டே இரு. தொடங்கும்போது தானாக அடிக்கிற இரண்டு விசிலை எடுத்துவிட்டேன். அண்ணன் விரலைத் தவிர வேறு எதுவும் இரண்டு விசில் அடிக்கக் கூடாது.

நடுவை நாள் வந்தது. நடுகிற பெண்கள் ஆறு பேர் விடிந்ததும் வந்து வரப்பில் நின்றார்கள். வாரத்துக்குக் கேட்டவர்களிடம் மதினி இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். கேட்கவில்லை.

"நாத்தக் காட்டிட்டு வந்துருதேன்" என்று போனார். போனவர் இறங்கிவிட்டார். ஆனால் நாலு குத்து நட்டால் ஒரு தடவை நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"அமுக்கு, அண்ணே. ரெண்டு குடு."

"குடுத்தா நம்பவா போறா? பொறு."

நான் யோசித்தேன். பிறகு போர்டிலிருந்து மவுஸ் வயரைப் பிடுங்கினேன்.

மாடியில் விசில் அடித்தது. ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னும் ஒன்று. கொஞ்சம் விட்டு மறுபடி. மதினி ஓடி வந்தார். வாய்க்காலைப் பாலத்தில் ஏறிக் கடக்கவில்லை. குறுக்கே இறங்கி வந்தார். இடுப்பு வரை நனைந்து, கையில் நாற்று முடியோடு அறைக்குள் நின்றார். அண்ணனின் கழுத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். கட்டிலின் நாலு காலையும் பார்த்தார்.

"என்ன?"

நான் விசிலை நிறுத்திவிட்டு வயரைத் தூக்கிக் காட்டினேன்.

"நான்தான் பிடுங்குனேன், மதினி. பழசுன்னா இது பேசாம இருந்திருக்கும்."

நாற்று முடி என் முகத்தில் வந்து விழுந்தது. சேறு வாய்க்குள் போயிற்று.

"அறிவு இருக்கா ஒமக்கு? நெஞ்சு வெடிச்சிருக்கும் எனக்கு!"

அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லி வந்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். மூச்சு வாங்கியது.

"நல்லா வாங்குலே, நல்லா வாங்கு."

மதினி சேலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. பிறகு என் கையிலிருந்த வயரைப் பார்த்தார்.

"இது கழண்டா ஊதும்."

"ஊதும்."

"கரண்டு போச்சுன்னா?"

அதை நான் பாதிதான் யோசித்திருந்தேன். "பேட்டரி இருக்கு. ரெண்டு மணி நேரம் தாங்கும்" என்றேன். "அதுவும் தீரப்போகுதுன்னா ஊதச் சொல்லணும். இன்னும் சொல்லல."

"சொல்லிருங்க."

"இன்னைக்கே சொல்லிருதேன்."

குனிந்து நாற்றைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாக வேரை ஒரு பக்கமாக அடுக்கிப் பிடித்தார். "வெயிலுக்கு முந்தி மேக்குப் பக்கம் முடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். இந்தத் தடவை பாலம் வழியாகப் போனார்.

பேட்டரி விஷயத்தையும் எழுதி முடித்தேன். ஒன்பதரை ஆகியிருந்தது. மவுஸை மறுபடி சொருகி அண்ணன் கைக்கடியில் வைத்துக் கட்டினேன். "அமுக்கிப் பாரு, அண்ணே."

அமுக்கினார். இரண்டு. வயலில் மதினி நிமிரவில்லை. நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார். நாற்று வைத்திருந்த கையை மட்டும் ஒரு தடவை தூக்கிக் காட்டினார்.

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். டவுன் பஸ் நின்றது. கூட்டம் இல்லை. அன்று சண்டைக்கு வந்த அதே கண்டக்டர்தான். என் சட்டையில் இருந்த சேற்றைப் பார்த்தார்.

"நடுவையா?"

"ஆமா."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. தலையைச் சாய்த்து மாடியைப் பார்த்தார். டிரைவரும் எடுக்கவில்லை.

மாடியில் இரண்டு விசில் கேட்டது. பஸ் கிளம்பியது.